வெளிநாட்டு வேலையும் பிரிட்டன் பார்ட்னர் விசா நீட்டிப்பும்: சிக்கல் எங்கே வருகிறது?

பிரிட்டனில் கணவனோ மனைவியோ ஸ்பான்சர் செய்து பார்ட்னர் விசாவில் இருப்பவர்களிடம் ஒரு பயம் உண்டு. வருஷத்துக்கு 180 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் விசாவைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்பதுதான் அது. இதில் பாதி தவறு. 180 நாள் கணக்கு ஸ்கில்டு ஒர்க்கர் போன்ற வேலை விசாக்களில் வந்து நிரந்தர வதிவிடம் கேட்பவர்களுக்கு உரியது. கணவன்-மனைவி விசாவை நடத்தும் அப்பெண்டிக்ஸ் எஃப்எம் விதிகளில் இத்தனை நாள் என்று ஒரு வரம்பே இல்லை.

வரம்பு இல்லை என்பது நிம்மதியாகத் தெரியலாம். ஆனால் நாள் கணக்கு இருக்கும் இடத்தில் கூட்டிக் கழித்தால் விடை கிடைத்துவிடும். இங்கே அதற்குப் பதிலாக இருப்பது ஓர் அதிகாரியின் மதிப்பீடு. இ-எல்டிஆர்பி 1.10 என்ற பிரிவு கேட்பது இதுதான்: கடந்த விசா கிடைத்த நாளிலிருந்து இருவரும் பிரிட்டனில் சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரம் வேண்டும், சேர்ந்து வாழாத காலம் ஏதும் இருந்தால் அதற்கு நியாயமான காரணம் வேண்டும், அந்தக் காரணம், பிரிட்டனில் நிரந்தரமாகச் சேர்ந்து வாழப்போகிறோம் என்ற எண்ணத்தோடு பொருந்த வேண்டும். விண்ணப்பம் கொடுத்தவர்தான் இதை நிரூபிக்க வேண்டும். அதிகாரி தேடிக் கண்டுபிடித்துத் தரமாட்டார்.

விசாவின் கணக்கையும் சொல்லிவிடலாம். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தால் முதல் விசா 33 மாதம். அது முடியுமுன் பிரிட்டனுக்குள் இருந்தபடி எஃப்எல்ஆர்-எம் படிவத்தில் நீட்டிப்பு கேட்டால் 30 மாதம் கிடைக்கும். ஐந்து வருடம் முடிந்ததும் ஐஎல்ஆர் எனப்படும் நிரந்தர வதிவிடத்துக்குப் போகலாம். ஆங்கிலத் தேர்வின் நிலையும் படிப்படியாக ஏறும்: முதல் விசாவுக்கு ஏ1, நீட்டிப்புக்கு ஏ2, ஐஎல்ஆருக்கு பி1. வெளிநாட்டு வேலை இந்த வரிசையை மூன்று இடங்களில் தொடுகிறது: சேர்ந்து வாழ்வது, வருமானம், விண்ணப்பம் போடும் நாளில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது. மூன்றில் கடைசியைத்தான் பெரும்பாலானோர் கவனிப்பதே இல்லை.

பிரிந்திருந்தால் ஒரு சந்தேகம், சேர்ந்து போனால் வேறு சந்தேகம்

வேலைக்காக வெளிநாட்டில் இருந்தது நியாயமான காரணமா? ஆம். விசாக்களை முடிவு செய்யும் பிரிட்டன் உள்துறையான ஹோம் ஆபீஸ் தன் அதிகாரிகளுக்குத் தரும் வழிகாட்டியிலேயே வேலை, பயிற்சி, படிப்பு, விடுமுறை ஆகியவை ஏற்கத்தக்க காரணங்களாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. கூடவே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. இருவரில் ஒருவரோ இருவருமோ விசாக் காலத்தின் பெரும்பகுதியை வெளிநாட்டில் கழித்திருந்தால், பிரிட்டனில் நிரந்தரமாக வாழும் எண்ணம் உண்டா என்று சந்தேகிக்க இடமிருக்கிறது என்கிறது அது. பயணத்தின் காரணம், எவ்வளவு காலம், இருவரும் சேர்ந்தே போய் வாழ்ந்தார்களா என்பவற்றை வைத்து ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாக எடைபோடச் சொல்கிறது.

இதில் இரண்டு பக்கமும் இடிக்கும். ஸ்பான்சர் தனியாக கத்தாருக்கு வேலைக்குப் போய், மனைவி லண்டனில் இருந்தால் கேள்வி உறவின் மேல் விழும்: இவர்கள் உண்மையில் கணவன் மனைவியாக வாழ்கிறார்களா? இருவருமே கத்தாருக்குப் போய்விட்டால் உறவைப் பற்றிச் சந்தேகம் வராது. கேள்வி இடத்தின் மேல் விழும்: இவர்களுடைய வீடு எந்த நாட்டில்? முதல் கேள்விக்குச் சேகரித்த ஆதாரம் இரண்டாவதற்கு உதவாது. சேர்ந்து எடுத்த படங்களும் வாட்ஸ்அப் அழைப்புப் பட்டியலும் நூறு பக்கம் இணைத்திருப்பார்கள். பிரிட்டன் வீட்டைப் பற்றி ஒரு தாள் இருக்காது. நிராகரிப்புக் கடிதம் அந்த ஒரு தாளைப் பற்றித்தான் பேசும்.

தனியாகப் போனவர் காட்ட வேண்டியது, இப்படிப் பிரிந்திருப்பது வேலையின் தன்மையால் வந்தது, முடியும் தேதி ஒன்று இருக்கிறது, இடையில் வந்துபோய்க்கொண்டிருந்தோம் என்பதை. வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு பேச்சிலர் ஸ்டேட்டஸ், ஃபேமிலி ஸ்டேட்டஸ் வித்தியாசம் நன்றாகத் தெரியும். குடும்பத்தைக் கூட்டிவர முடியாத வேலை என்றால் அதுவே வலுவான காரணம்; அதைக் கம்பெனிக் கடிதத்தில் எழுதி வாங்க வேண்டும். எண்ணெய்க் கிணற்று மேடை, கப்பல் வேலை போன்றவற்றுக்கு இன்னும் எளிது. நான்கு வாரம் வேலை, நான்கு வாரம் வீடு என்ற சுழற்சி அட்டவணையை இணைத்தால், ஒவ்வொரு விடுப்பிலும் பிரிட்டன் வீட்டுக்குத் திரும்பியதை விமானச் சீட்டுகள் காட்டிவிடும்.

இருவரும் சேர்ந்து போனவர்களுக்கு வேறு வகை ஆதாரம் தேவை. பிரிட்டனில் வீட்டை விட்டுவிட்டார்களா, வைத்திருக்கிறார்களா? வாடகை ஒப்பந்தமோ மார்ட்கேஜோ இருவர் பெயரிலும் ஓடுகிறதா? வேலை ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி இருக்கிறதா? பிள்ளையை அங்கே பள்ளியில் சேர்த்து, மனைவிக்கும் அங்கே குடும்ப ரெசிடென்ஸ் விசா எடுத்து, லண்டன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டால், இவற்றில் எதுவும் தனியாகத் தடை இல்லை. மூன்றும் சேரும்போது குடும்பம் குடிபெயர்ந்துவிட்டது என்றுதான் எவரும் படிப்பார். ஆறு மாத புராஜெக்ட் என்றால் விளக்கிவிடலாம். முப்பது மாத விசாவில் இருபது மாதம் இப்படிப் போயிருந்தால் விளக்கக் கடிதம் எவ்வளவு நன்றாக எழுதினாலும் இழுபறிதான்.

சேர்ந்து வாழ்வதற்கு ஹோம் ஆபீஸ் வழக்கமாக எதிர்பார்ப்பது இருவர் பெயரிலும் வந்த, அல்லது ஒரே முகவரிக்குத் தனித்தனியாக வந்த ஆறு கடிதங்கள். குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவையாகவும், விசாக் காலம் முழுக்கப் பரவியவையாகவும் இருக்க வேண்டும். கடைசி இரண்டு மாதத்துக் கடிதங்களை மட்டும் திரட்டி வைப்பது பயன்படாது. வங்கி, கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி அமைப்பு, ஜிபி எனப்படும் குடும்ப டாக்டரின் கிளினிக், மின்சாரக் கம்பெனி, வருமான வரித்துறை என்று கலந்து இருக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர் எல்லாவற்றையும் மின்னஞ்சலுக்கு மாற்றிவிட்டால் முகவரியோடு தாளே வராது. புறப்படுமுன் இரண்டு மூன்று கணக்குகளையாவது தபாலில் வரும்படி விட்டுச் செல்வது நல்லது.

குடியிருக்கும் வீட்டுக்காகக் கவுன்சிலுக்குக் கட்டும் வரியான கவுன்சில் டாக்ஸில் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் இருந்தால் 25 சதவீதத் தள்ளுபடி. கணவர் துபாயில்தானே இருக்கிறார் என்று மனைவி அதற்கு விண்ணப்பித்துவிடுவார். வருஷத்துக்குச் சில நூறு பவுண்டு மிச்சம். ஆனால் அந்தத் தள்ளுபடி, இந்த வீடு கணவரின் பிரதான வசிப்பிடம் அல்ல என்று கவுன்சிலிடம் எழுதிக்கொடுப்பதற்குச் சமம். பிறகு அதே கவுன்சில் டாக்ஸ் பில்லை, சேர்ந்து வாழ்கிறோம் என்பதற்கு ஆதாரமாக ஹோம் ஆபீஸுக்கு அனுப்புகிறார்கள். பில்லின் நடுவிலேயே அந்தத் தள்ளுபடி அச்சாகியிருக்கும். வேலைக்காகத் தற்காலிகமாக வெளியே இருப்பவரின் பிரதான வீடு பெரும்பாலும் குடும்பம் இருக்கும் வீடாகவே கருதப்படும் என்பதால், அந்தத் தள்ளுபடியே தவறாக வாங்கியதாகவும் இருக்கலாம்.

வரியிலும் இதே போன்ற உரசல் வரும். வெளிநாட்டில் முழுநேர வேலை செய்து, வரி ஆண்டில் பிரிட்டனில் 91 நாளுக்குக் குறைவாகவும், அதில் வேலை நாட்கள் 31-க்குக் குறைவாகவும் இருந்தவர் பிரிட்டனில் வரி வசிப்பாளர் அல்ல என்று அறிவிக்க வழி இருக்கிறது. அது வரிச் சட்டத்தின் கணக்கு. விசா விதி அதைத் தானாக எடுத்துக்கொள்வதில்லை. இருந்தாலும் வரித்துறையிடம் நான் இங்கே வசிக்கவில்லை என்றும், விசா அதிகாரியிடம் என் வீடு இங்கேதான் என்றும் சொல்வது தாளில் பார்க்க நன்றாக இராது. இரண்டும் எப்படி ஒருசேர உண்மை என்பதை விளக்கக் கடிதத்தில் நாமே முந்திச் சொல்லிவிட வேண்டும்.

வருமானம்: சம்பளம் எவ்வளவு என்பதைவிட வேலை எந்த நாட்டில் என்பது

2024 ஏப்ரல் 11 முதல் பார்ட்னர் விசாவுக்குக் குறைந்தபட்ச வருட வருமானம் 29,000 பவுண்டு. அதற்கு முன்பே இந்தப் பாதையில் விண்ணப்பித்து விசா பெற்றவர்கள், அதே துணையோடு நீட்டிக்கும்போது பழைய 18,600 பவுண்டிலேயே தொடரலாம். பிள்ளைகள் விண்ணப்பத்தில் இருந்தால் முதல் பிள்ளைக்கு 3,800, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 2,400 கூடும். புதிய 29,000-இல் பிள்ளைகளுக்கென்று கூடுதல் இல்லை. தாங்கள் எந்தத் தொகையின் கீழ் வருகிறோம் என்று தெரியாமலே பல குடும்பங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருக்கின்றன. முதல் விசாவுக்கு விண்ணப்பித்த தேதியைப் பார்த்தால் போதும்.

வெளிநாட்டிலிருந்து கேட்கும் முதல் விசாவுக்கு, வேலை வருமானத்தில் ஸ்பான்சருடையது மட்டுமே கணக்கு. நீட்டிப்பில் விசாவில் இருப்பவர் பிரிட்டனில் சட்டப்படி சம்பாதிப்பதும் சேரும். ஸ்பான்சர் வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்துக்கு இதுதான் பெரிய கைத்தாங்கல்.

ஸ்பான்சரின் வெளிநாட்டுச் சம்பளம் ஏன் சிக்கல்? வருமானத்தை எப்படிக் கணக்கிடுவது, என்ன தாள் காட்டுவது என்று சொல்லும் அப்பெண்டிக்ஸ் எஃப்எம்-எஸ்இ, வேலையில் ஆறு மாதம் நிறைந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது, விண்ணப்பத் தேதியில் பிரிட்டனில் சம்பள வேலையில் இருப்பவர் என்றே தொடங்குகிறது. வெளிநாட்டில் சம்பள வேலையில் இருப்பவருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அது, அவர் பிரிட்டனுக்குத் திரும்பி, திரும்பிய மூன்று மாதத்துக்குள் தொடங்கும் வேலை ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. வெளிநாட்டிலிருந்து துணையோடு திரும்பி வருபவர்களின் முதல் விசாவில் இது வழக்கமான வழி. துபாயிலேயே தொடர்ந்து இருக்கப்போகிறவருக்கு அது கைகொடுக்காது. மாதம் முப்பதாயிரம் திர்ஹம் வாங்குகிறேன், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். சம்பளம் போதும், அது இருக்கும் பிரிவு போதாது.

ஆகவே வெளிநாட்டு வேலை என்பதை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிட்டன் கம்பெனியின் பேரோலில் இருந்துகொண்டு, பிரிட்டனில் வரி பிடித்து, பிரிட்டன் வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்தபடி வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டவர்தான் இவர்களில் மிகப் பாதுகாப்பானவர். ஆறு மாத பே ஸ்லிப், அதே ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட், கம்பெனிக் கடிதம் என்று சாதாரண விண்ணப்பம் போலவே போகும். உள்ளூர் ஒப்பந்தத்தில் வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவருக்குத்தான் மேலே சொன்ன இடைஞ்சல் முழுதாக வரும். மூன்றாமவர், பிரிட்டன் வீட்டில் இருந்தபடியே சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ ரிமோட்டாக வேலை பார்ப்பவர். பார்ட்னர் விசாவில் வேலைக்குத் தடை இல்லாததால் விசாவில் இருப்பவரும் இதைச் செய்யலாம். அங்கே வேறு பிரச்சினை: அந்தக் கம்பெனி அவரை ஊழியராக வைத்திருக்கிறதா, இன்வாய்ஸ் வாங்கிக்கொண்டு பணம் தருகிறதா?

இன்வாய்ஸ் என்றால் அது சம்பளம் அல்ல, சுயதொழில். சுயதொழிலுக்கு ஆறு மாதத் தாள்கள் செல்லாது. ஏப்ரல் 6 முதல் ஏப்ரல் 5 வரையான கடைசி முழு வரி ஆண்டின் வருமானம், அந்த ஆண்டுக்கு அவரே தாக்கல் செய்த செல்ஃப் அசெஸ்மென்ட் வரிக் கணக்கு, பன்னிரண்டு மாத வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் வேண்டும். செப்டம்பரில் இந்த வேலையைத் தொடங்கி மறு மார்ச்சில் நீட்டிப்புக்குப் போகிறவருக்கு, முடிந்த வரி ஆண்டில் அந்த வருமானமே இருக்காது. கையில் சேமிப்பு இருக்கிறதே, சேர்த்துக் காட்டலாமே என்றால், சுயதொழில் வருமானத்தோடு சேமிப்பைக் கூட்ட விதி அனுமதிப்பதில்லை. ஊழியராகவே இருந்து, கம்பெனிக்குப் பிரிட்டனில் அலுவலகம் இல்லையென்றால், வரியையும் நேஷனல் இன்சூரன்ஸ் எனப்படும் சமூகக் காப்பீட்டுப் பிடித்தத்தையும் ஊழியரே நேரடியாகக் கட்டும் ஏற்பாடு வரித்துறையில் இருக்கிறது. அதை வேலை தொடங்கிய மாதமே செய்துவிட வேண்டும். விசா நேரத்தில் பின்தேதியிட்டு ஒழுங்குபடுத்துவது பார்வைக்கே நன்றாக இராது.

வெளிநாட்டுச் சம்பளத்தில் இன்னொரு ஓட்டை, அலவன்ஸ். பயணம், சாப்பாடு, தங்குமிடம், வெளிநாட்டில் கூடுதல் வாழ்க்கைச் செலவு ஆகியவற்றுக்குத் தரும் படிகள் வருமானமாக எண்ணப்படா. மாதச் சம்பளம் 1,900 பவுண்டு, சைட் அலவன்ஸும் தங்குமிடப் படியும் 1,100 பவுண்டு என்றால் வங்கியில் 3,000 விழும். வருஷத்துக்கு 36,000 என்று மனக்கணக்குப் போடத் தோன்றும். விசா அதிகாரி எடுத்துக்கொள்வது 22,800. கைக்கு வரும் மொத்தம் மாறாமல், அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டிப் படியைக் குறைக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டாலும், அந்த மாற்றம் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதமும் பே ஸ்லிப்பில் தெரிய வேண்டும்.

சுழற்சியில் வேலை பார்த்து நாள் கூலி வாங்குகிறவர்களுக்கு வருமானம் மாதாமாதம் ஏறி இறங்கும். மாதச் சம்பளக்காரருக்கு அந்த ஆறு மாதத்தில் மிகக் குறைந்த மாதத்தை வைத்து வருட வருமானம் கணிப்பார்கள். நாள் கூலி, மணிக்கூலிக்காரருக்கு ஆறு மாதச் சராசரி. வீட்டில் இருந்த மாதங்கள் ஆறில் நான்காக விழுந்தால் சராசரி படுத்துவிடும். விண்ணப்பத் தேதியைச் சில வாரம் முன்பின் நகர்த்தினாலே கணக்கு மாறும் என்பதால், இரண்டு மூன்று தேதிகளுக்குக் கூட்டிப் பார்த்துவிட்டு நாள் குறிப்பது புத்திசாலித்தனம். வேறு நாணயத்தில் வரும் பணத்தை, விண்ணப்ப நாளன்று ஓண்டா என்ற நாணய மாற்று இணையதளத்தில் இருக்கும் முடிவு விலையில்தான் பவுண்டாக மாற்றுவார்கள். எல்லைக்கோட்டில் நிற்கும் தொகை ஒரே வாரத்தில் கீழே இறங்கிவிடும்.

இவையெல்லாம் ஒத்துவராவிட்டால் சேமிப்பு. சூத்திரம் எளிது: குறைகிற வருமானத்தை இரண்டரையால் பெருக்கி 16,000 கூட்ட வேண்டும். மனைவி லண்டனில் வருஷம் 24,000 பவுண்டு சம்பளம் வாங்குகிறார், கணவரின் துபாய்ச் சம்பளம் கணக்கில் வராது என்று வைத்துக்கொள்வோம். 29,000-க்கு 5,000 குறைகிறது. இரண்டரை மடங்கு 12,500; 16,000 கூட்டினால் 28,500 பவுண்டு வேண்டும். எந்த வருமானமும் இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டினால் 88,500. இதே மனைவி பழைய 18,600 வரம்பில் வருகிறார், விண்ணப்பத்தில் பிள்ளைகள் இல்லை என்றால் அவர் சம்பளமே போதும். கணவரின் சம்பளத் தாளைத் தொடவே வேண்டாம்.

அந்தச் சேமிப்பு ஆறு மாதமாகத் தொடர்ந்து கணக்கில் இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் கீழே போனாலும் அந்தக் கீழ்த் தொகைதான் கணக்கு. கணக்கு பிரிட்டனில்தான் இருக்க வேண்டும் என்றில்லை; முறையான கட்டுப்பாட்டில் இயங்கும் வங்கியாக இருந்தால் போதும். சென்னையில் போட்ட ஃபிக்சட் டெபாசிட்டைக்கூடக் காட்டலாம், அபராதம் கட்டியாவது உடனே உடைக்க முடியும் என்றால். வருங்கால வைப்பு நிதி, பங்கு, நிலம் ஆகியவை பணமாக மாறும்வரை செல்லா. வளைகுடா வேலை முடிந்து வாங்கும் கிராஜுவிட்டி பெரிய தொகைதான். ஆனால் அது கணக்கில் விழுந்த நாளிலிருந்து ஆறு மாதம் கிடந்தால்தான் சேமிப்பாகும். பிரிட்டனுக்குத் திரும்பிய கையோடு விண்ணப்பம் போடுபவர்களுக்கு இது எட்டாது. வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் வருமானமும் உதவும். அந்த வீடு பிரிட்டனில் இருக்கலாம், வெளிநாட்டிலும் இருக்கலாம். குடும்பம் தானே குடியிருக்கும் வீடாக மட்டும் இருக்கக்கூடாது.

கம்பெனிக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

இந்த வழக்குகளில் அதிகம் வேலை செய்யும் தாள் இதுதான். அதைத்தான் மனிதவளப் பிரிவிலிருந்து இரண்டு வரியில் வாங்கி வருகிறார்கள். விதிப்படி அதில் நான்கு விஷயம் கட்டாயம்: வேலையும் மொத்தச் சம்பளமும், எவ்வளவு காலமாக வேலையில் இருக்கிறார், இந்தச் சம்பளத்தை எவ்வளவு காலமாக வாங்குகிறார், வேலை நிரந்தரமா ஒப்பந்தமா. வெளிநாட்டுப் பணிக்கு இவை போதாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அனுப்பப்பட்டார், அவரது தாய் அலுவலகம் எது, குடும்பத்தைக் கூட்டிவர வசதி உண்டா இல்லையா, விடுப்புச் சுழற்சி என்ன, பணி முடிந்ததும் பிரிட்டனில் எந்த வேலைக்குத் திரும்புகிறார் என்பதையும் எழுதச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய காலத்தின் தாள்கள் 28 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது என்ற விதி இருப்பதால், கடைசி பே ஸ்லிப்பும் ஸ்டேட்மென்ட்டும் அந்த இடைவெளிக்குள் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பே ஸ்லிப்பில் இருக்கும் நிகரத் தொகையும் வங்கியில் விழுந்த தொகையும் பைசா வரை ஒத்துப்போக வேண்டும். சம்பளத்தில் ஒரு பங்கை வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்லியிருந்தால் அந்தக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டும் சேர்த்தே போகட்டும்.

விண்ணப்பம் போடும் நாள்

நீட்டிப்பைப் பிரிட்டனுக்குள் இருந்துதான் கேட்க முடியும். விசாவில் இருப்பவர் வெளிநாட்டில் இருக்கும்போது அது காலாவதியானால் நீட்டிப்பு என்ற பேச்சே முடிந்தது. மறுபடி முதல் விசாவிலிருந்து தொடங்க வேண்டும். 2025 ஏப்ரலில் நிர்ணயித்த கட்டணப்படி நீட்டிப்புக்கு 1,321 பவுண்டு, வெளிநாட்டிலிருந்து புது விசாவுக்கு 1,938 என்று இருந்தது. இரண்டுக்கும் மேல் மருத்துவச் சர்சார்ஜ் வருஷத்துக்கு 1,035 வீதம்: நீட்டிப்புக்கு 2,587.50, புது விசாவுக்கு 3,105. பணத்தைவிடப் பெரிய இழப்பு, பழைய 18,600 வரம்பு கைவிட்டுப் போவதும், ஐந்து வருடக் கணக்கு முதலிலிருந்து ஓடுவதும். இது தவிர, விசா இன்னும் மீதி இருந்தாலும், தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது தானாகச் செல்லாமல் போகும்.

ஸ்பான்சர் அன்று எங்கே இருக்கிறார் என்பதும் முக்கியம். விதி, முதன்மையாக, பிரிட்டனில் இருக்கும் பிரிட்டிஷ் குடிமகன், அல்லது நிரந்தர வதிவிடம் பெற்றுப் பிரிட்டனில் இருப்பவர் என்றே ஸ்பான்சரை வரையறுக்கிறது. அவர் அபுதாபியில் இருக்கும்போது மனைவி லண்டனிலிருந்து விண்ணப்பத்தை அனுப்புவது தேவையில்லாமல் ஒரு வாதத்தைத் தொடங்கி வைப்பதுதான். இரண்டு வாரம் விடுப்பு எடுத்து வந்து, அவர் நாட்டில் இருக்கும்போது பணம் கட்டி அனுப்பிவிடுங்கள். நிரந்தர வதிவிடத்தில் இருக்கும் ஸ்பான்சர் தானே இரண்டு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் அவருடைய ஐஎல்ஆரே போய்விடும். பிறகு ஸ்பான்சர் செய்ய ஆள் இல்லை.

விண்ணப்பம் போன பிறகு விசாவில் இருப்பவர் நகரக்கூடாது. காலாவதிக்கு முன் போட்டிருந்தால், முடிவு வரும்வரை பழைய உரிமைகள் அப்படியே நீடிக்கும். வேலை செய்யலாம், இருக்கலாம். ஆனால் முடிவு வருமுன் பிரிட்டன், அயர்லாந்து, சானல் தீவுகள், மேன் தீவு அடங்கிய பொதுப் பயணப் பகுதியைத் தாண்டினால், தாண்டிய அன்றே விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கொள்ளப்படும். பழைய விசாவும் அதற்குள் முடிந்திருந்தால் திரும்பி வர வழி இல்லை. சாதாரணமாக எட்டு வாரம் வரை ஆகலாம் என்று சொல்லும் முடிவு, சில நேரம் அதையும் தாண்டும். வெளிநாட்டு வேலையில் இருப்பவருக்கு எட்டு வார விடுப்பு என்பது வேலையை விடுவதுதான். 1,000 பவுண்டு கூடுதலாகக் கட்டி சூப்பர் பிரையாரிட்டி எடுத்தால், கைரேகை கொடுத்த மறு வேலை நாளில் முடிவை எதிர்பார்க்கலாம். சிக்கலான வழக்கை அதிலும் நிறுத்தி வைப்பார்கள், ஆகவே திரும்பும் டிக்கெட்டை முடிவு வந்த பிறகே போடுவது நல்லது. இந்தக் கட்டுப்பாடு ஸ்பான்சருக்குக் கிடையாது. விண்ணப்பம் போன மறுநாளே அவர் வேலைக்குத் திரும்பலாம்.

இப்போது விசா அட்டை இல்லை, எல்லாம் ஆன்லைனில் இருக்கும் இவிசா. வெளிநாட்டில் இருக்கும்போது இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பவர்கள் புது எண்ணை, ஹோம் ஆபீஸின் விசாப் பிரிவான யுகேவிஐயில் தங்களுக்கு இருக்கும் ஆன்லைன் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டு, திரும்பும்போது விமான நிலையக் கவுண்டரில் நின்று தவிக்கிறார்கள்.

நிராகரித்தால்

சேர்ந்து வாழ்ந்த நிபந்தனையிலோ வருமானத்திலோ விழுந்தால், அதிகாரி உடனே கதவைச் சாத்துவதில்லை. குடும்ப வாழ்க்கை உரிமையைப் பார்த்து, நிரந்தர வதிவிடத்துக்குப் பத்து வருடம் பிடிக்கும், பத்து வருடப் பாதை எனப்படும் வேறு அனுமதியைத் தரலாமா என்று ஆராய்வார். பிரிட்டிஷ் குழந்தையோ, ஏழு வருடம் இங்கே வளர்ந்த குழந்தையோ இருந்தால் அது வலு. குழந்தை இல்லாதவர்கள், பிரிட்டனுக்கு வெளியே சேர்ந்து வாழ்வதற்குத் தாண்ட முடியாத தடைகள் இருக்கின்றன என்று காட்ட வேண்டும். ஒன்றரை வருடம் துபாயில் சேர்ந்து குடித்தனம் நடத்தியவர்கள் அதை எப்படிக் காட்டுவார்கள்? நீட்டிப்பைக் கெடுத்த அதே வெளிநாட்டு வாழ்க்கை, மாற்று வழியையும் சேர்த்தே அடைக்கிறது. மேல்முறையீட்டுக்கு உள்நாட்டில் இருப்பவருக்கு 14 நாள் அவகாசம். உண்மையில் தகுதி இருந்து தாள் மட்டும் குறைந்திருந்தால் அந்த வழியில் மீள்பவர்கள் உண்டு.

ஐஎல்ஆரும் இதே சட்டகம்தான்: சேர்ந்து வாழ்ந்ததற்கும் பிரிந்திருந்ததற்கும் அதே விளக்கம் மறுபடி வேண்டும். சேமிப்புச் சூத்திரம் மட்டும் இளகும், இரண்டரை மடங்குக்குப் பதில் ஒரு மடங்கு. ஆனால் அதற்கு அடுத்து பிரிட்டிஷ் குடியுரிமைக்குப் போகும்போது, இதுவரை இல்லாத நாள் கணக்கு திடீரென்று வந்து நிற்கும். குடிமகனின் துணையாக விண்ணப்பிப்பவர் முந்தைய மூன்று வருடத்தில் 270 நாளுக்கு மேலும், கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் 90 நாளுக்கு மேலும் வெளியே இருந்திருக்கக்கூடாது. மூன்று வருடத்துக்கு முன் அதே தேதியில் பிரிட்டனுக்குள் இருந்திருக்கவும் வேண்டும். 270, 90 இரண்டிலும் அதிகாரிக்குச் சிறிது விட்டுக்கொடுக்கும் அதிகாரம் உண்டு. பாஸ்போர்ட் முத்திரைகளையும் மின்னஞ்சலில் கிடக்கும் டிக்கெட்டுகளையும் வைத்து ஒவ்வொரு பயணத்தையும் போன தேதி, வந்த தேதி என்று முதல் விசாவிலிருந்தே ஒரு எக்செல் தாளில் எழுதி வருபவர்களுக்கு, நீட்டிப்பு, ஐஎல்ஆர், குடியுரிமை மூன்றுக்கும் அந்த ஒரே தாள் போதும்.